வேலைக்குப் போகிற பையன் மோட்டார் ரூமில் உட்கார்ந்தால்

வணக்கங்க அண்ணா. போன வாரம் பையனோடு வந்திருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: “கோயமுத்தூர்ல வெப் டெவலப்பர் வேலை, நல்ல சம்பளம். ஊருக்கு வந்தா லேப்டாப்பை மூடி வெச்சுட்டு மோட்டார் ரூம்ல போய் உட்கார்ந்துக்கறான். இவனுக்கு எதுலதானுங்க மனசு?”

ரெண்டிலும்தான் அண்ணா. அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

அவன் கொண்டு வந்த டப்பாவை நான் திறந்து பார்த்தேன். உள்ளே இஎஸ்பி 32 போர்டு, அதாவது வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர். பக்கத்தில் மூன்று நீல ரிலே, போர்டு சொன்னபடி கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்ன சுவிட்சுகள். போர் மோட்டாரை ஃபோனிலிருந்து போட்டு நிறுத்த அவனே வெப் பேஜ் எழுதியிருக்கிறான். முதல் தடவை இரண்டு ரிலே உள்ளே உருகி ஒட்டிக்கொண்டதாம். பேஜில் ‘நிறுத்து’ அழுத்தியும் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே இருக்க, ஓடிப்போய் மெயினை இறக்கியிருக்கிறான். ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருந்ததை நம்பிவிட்டான். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஆறு மடங்கு வரை போகும். இப்போது ரிலேயை வைத்துக் காண்டாக்டரின், அதாவது ஸ்டார்டருக்குள் இருக்கும் பெரிய சுவிட்சின், காயிலை மட்டும் இழுக்க வைக்கிறான், மோட்டார் கரண்ட் காண்டாக்டர் வழியாகப் போகிறது. நாள் முழுக்க வெப் பேஜ் மட்டும் எழுதுகிறவருக்கு இது பிடிபட ரொம்ப நாளாகும்.

நம்ம ஊரில் இதற்கு இடம் இருக்கிறது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய கோயமுத்தூரில் இன்றைக்கும் பம்ப், மோட்டார் கம்பெனிகள் நிறைய. திருப்பூரில் நிட்டிங் மெஷின், உங்கள் பல்லடம் பக்கம் தறி. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, ஏன் நின்றது என்று முதலாளி ஃபோனிலேயே பார்க்க ஆசைப்படுகிறார். போர்டு, சர்வர், ஸ்க்ரீன் மூன்றையும் ஒரே ஆள் புரிந்துகொண்டால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.

ஆனால் இப்போதே வேலையை விடச் சொல்ல மாட்டேன். வெப் பேஜுக்கான ஜாவாஸ்கிரிப்ட் கைவசம் இருக்கிறது, அடுத்து இந்த மாதிரி போர்டுக்கு எழுதுகிற சி மொழியை ஒழுங்காகப் படிக்கட்டும். போர்டு ஓடுவது 3.3 வோல்ட்டில், ஸ்டார்டர் பெட்டிக்குள் இருப்பது 415 வோல்ட். பக்கத்தில் எலக்ட்ரீசியன் இல்லாமல் அந்தப் பெட்டியில் கை வைக்கவே கூடாது. இதை நீங்கள்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அண்ணா.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் விட்ட டப்பா வீட்டில் ஏழெட்டு கிடக்கிறதென்று அவனே சொன்னான். இன்டர்வியூவில் அது எடுபடாது. இந்த ஒன்றையாவது முடிக்கட்டும். மாமா தோட்டத்து ஸ்டார்டரில் மாட்டி, ஒரு கோடை முழுக்க ஓடவிட்டு, எப்போது நின்றது, எதனால் நின்றது என்று தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆடி பிறந்ததும் அந்த நோட்டோடு வரட்டும். எம்பெடட் வேலைக்கு, அதாவது மெஷினுக்குள் இருக்கும் இந்த மாதிரி போர்டுகளுக்குப் ப்ரோக்ராம் எழுதும் வேலைக்கு, எங்கே எழுதிப் போடலாம் என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசுவோம்.