மூன்றாவது டவுனைப் பாருங்கள்

கேள்வி: மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். சனிக்கிழமை ஆனால் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறார்கள். சில ஆட்டங்களில் இரண்டு அணியும் கிட்டத்தட்ட ஒரே அளவு யார்டு முன்னேறுகின்றன. ஆனால் ஸ்கோரில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்! எப்படி?
- ஒரு வாசகர், டாலஸ்

பதில்: மொத்த யார்டை நான் கடைசியில்தான் பார்ப்பேன், ஐயா. 2019 ஜனவரி 7 அன்று, கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளெம்சன் 482 யார்டு, அலபாமா 443. ஸ்கோரோ 44-16, கிளெம்சனுக்கு!

டவுன் என்றால் பந்தை முன்னே கொண்டுபோக ஒரு முயற்சி. நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள் என்பதால், நிஜமான பரீட்சை மூன்றாவது டவுன்தான். அன்று கிளெம்சன் அந்தப் பரீட்சையை 15 முறை எழுதி 10 முறை தேறியது. அலபாமா 13-க்கு 4. இதை மட்டும் என்னிடம் சொல்லியிருந்தால் போதும், ஜெயித்தது யார் என்று ஸ்கோர் பார்க்காமலே சொல்லியிருப்பேன்.

அப்புறம் தடுப்பாட்டம். கிளெம்சனின் அப்போதைய தடுப்புப் பயிற்சியாளர் பிரென்ட் வெனபிள்ஸ் கில்லாடி. அவருடைய ஆட்கள் ஓர் இடத்தைக் காப்பதுபோல் நிற்பார்கள். பந்து ஆட்டத்துக்கு வந்ததும் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். எதிரணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், முதலில் பார்த்துவைத்த இடைவெளி அங்கே இருக்காது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அலபாமாவின் குவாட்டர்பேக் டுவா டகோவைலோவா வீசிய பந்தை கிளெம்சனின் ஏ.ஜே. டெரல் பறித்து, 44 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். அலபாமாவின் யார்டுக் கணக்கில் இதனால் ஒன்றும் குறையவில்லை. புள்ளிதான் எதிரணிக்குப் போனது.

இரண்டாம் பாதியில் அலபாமா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பந்தை நகர்த்தாமல் இல்லை. எல்லைக்கோட்டுப் பக்கம் வந்து வந்து நின்றார்கள். 31-16 என்று பின்தங்கியிருந்தபோது, 22 யார்டு கோட்டிலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) உதைப்பதுபோல் பாவனை காட்டி ஓடப் பார்த்தார்கள். கிளெம்சன் மடக்கிவிட்டது. மூன்று புள்ளியை வாங்கிப் போட்டிருக்கலாம், நேரம் எவ்வளவோ இருந்ததே! சரி, அது அலபாமாவின் அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபனின் கணக்கு. பந்து கிளெம்சனுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில், அதே மூன்றாவது டவுனில், முதலாண்டு மாணவர் ட்ரெவர் லாரன்ஸ் வீசிய பந்தைப் பிடித்த ஜஸ்டின் ராஸ் 74 யார்டு டச் டவுனாக்கினார்.

மூன்றாவது டவுன் கணக்கையும் டி.வி.யில் அவ்வப்போது காட்டுவார்கள். இடைவேளையில் கவனித்துப் பாருங்கள்.