தோற்றத்தால் வேறுபட்டவர்களைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் என் வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டுத் திட்டம். அப்படிப்பட்டவர்களிடம் நான் என்ன கேள்விகள் கேட்க வேண்டும்?

நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் கேள்விகளையும் படித்தேன். ‘முதன்முதலில் எப்போது வேறுபட்டவராக உணர்ந்தீர்கள்?’, ‘கண்ணாடி முன் நிற்கும்போது என்ன தோன்றும்?’, ‘உங்களை ஒரு நிறமாகச் சொல்லச் சொன்னால் எந்த நிறம்?’ கடைசிக் கேள்வியைப் படித்ததும் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு வெண்புள்ளிகள் உண்டு, தோல் நிறமிழந்து வெள்ளைத் திட்டாகும் நோய். இருபது ஆண்டுகளாக உதட்டிலும் பத்து விரல்களிலும் இருக்கிறது. என்னிடம் போய் நிறம் கேட்கலாமா அம்மா?

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு புரிகிறது. பத்துப் பேரையாவது பார்த்துப் பேசிவிட்டு வா என்று வழிகாட்டி ஆசிரியர் சொல்லியிருப்பார். ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருக்கும். கறுப்புத் திரைக்கு முன்னால் எங்களை உட்காரவைத்துப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு மாட்டலாம் என்றும் யோசித்திருப்பீர்கள். ஊகம் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல ஒரு பெண் எங்கள் கடைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறாள் என்பதால்தான் இவ்வளவு தூரம் ஊகிக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். 1994-இல், பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். பட்டுப்புடவை விற்பது கை வேலை. திருபுவனம் புடவையை ஒரே வீச்சில் விரித்து, முந்தானையை முன்கையில் போட்டு, விளக்குக்கு நேராகச் சரிகையைத் திருப்பிக் காட்ட வேண்டும். வாங்க வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2004-இல் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் பச்சரிசி அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்தது. அடுத்த தைக்குள் பத்து விரலுக்கும் பரவிவிட்டது. முதலாளி நல்ல மனிதர், கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. “குடோன்ல நம்பிக்கையான ஆள் இல்லப்பா, நீ பார்த்துக்கோ” என்றார். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அதனால் புகார் சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு இதில் நேரடித் தொடர்பு இல்லை. பட்டுப் பிரிவில் இருந்த பதினொரு ஆண்டுகளும் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டேதான் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. என்னோடு வேலை பார்த்த பெண்கள் பலருக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது, கேரளத்தில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைக்கும் புடவை வாங்கப் போனால் கண் முதலில் நாற்காலியைத்தான் தேடுகிறது. பல கடைகளில் ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குடோனுக்கு அனுப்பியதில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, அங்கே மூட்டைமேல் உட்காரலாம். அந்த நிம்மதிக்காக நான் அந்த அவமானத்தை நான்கு ஆண்டுகள் விழுங்கினேன் என்பதும் உண்மை.

வீட்டில் அம்மா பாலையும் மீனையும் ஒரே நாளில் கொடுத்ததுதான் காரணம் என்று தன்னையே நொந்துகொண்டு, பிறகு மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். எலுமிச்சை, புளி எல்லாம் விலக்கு. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களையே தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் வருவது இது. சாப்பாட்டினால் வருவது அன்று, தொட்டால் ஒட்டுவதும் அன்று. இதை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு அம்மையார் படம் வரைந்து விளக்கும்வரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குள் ‘வெண்குஷ்டம் நாற்பதே நாளில் குணம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, மாதம் ஒரு முறை லாட்ஜில் அறை எடுத்து உட்காருகிறவரிடம் போனேன். அவர் கொடுத்த கார்போக அரிசி எண்ணெயைத் தடவி வெயிலில் கையை நீட்டிக் கொப்புளம் கொப்புளமாகப் புண்ணாகிவிட்டது. நாட்டு மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதே கார்போக அரிசியில் இருக்கும் சோரலன் என்ற பொருளைத்தான் தோல் மருத்துவர்களும் ஒளிச் சிகிச்சையில் அளந்து பயன்படுத்துகிறார்கள். அளக்காமல் கொடுத்தவரைத்தான் சொல்கிறேன். இந்த நோய்க்கு மருந்து இருப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஒளிச் சிகிச்சையில் எனக்குக் கழுத்தில் இருந்த திட்டு மறைந்தது. விரல் நுனியும் உதடும் எளிதில் நிறம் திரும்பாத இடங்கள், அவை அப்படியே இருக்கின்றன.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லக் கூடாது, ‘வெண்புள்ளிகள்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2010-இல் ஆணையிட்டது. உங்கள் பட்டியலிலும் பழைய சொல்தான் இருக்கிறது, தயவுசெய்து மாற்றிவிடுங்கள். இப்படிச் சொல்வதால் தொழுநோய் வந்தவர்களை ஒதுக்கலாம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கிருமியால் வருவது, மருந்தால் முழுமையாகக் குணமாவது. அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் சட்டத்தில் இருந்ததை 2019-இல்தான் நீக்கினார்கள். அவர்கள் பட்டதோடு ஒப்பிட்டால் நான் பட்டது சிறிது.

2009-இல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையல் சாமான் கடை வைத்தேன். நூல்கண்டு, தையல் மெஷினில் நூல் சுற்றும் பாபின், ஊக்கு, ஜிப், லேஸ், புடவைக்கு ஃபால்ஸ், குஞ்சம் கட்டும் பட்டுநூல். பத்து ரூபாய், இருபது ரூபாய் வியாபாரம் என்பதால் நாள் முழுக்கச் சில்லறை கொடுத்து வாங்க வேண்டும். அங்கேதான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். சிலர் பணத்தை என் கையில் தருவார்கள். சிலர் மேசைமேல் வைப்பார்கள். மீதியை நான் நீட்டினால், பையைத் திறப்பது போலக் கையை மும்முரமாக்கிக்கொண்டு, “அங்கேயே வையுங்க” என்பார்கள். முகத்தில் அருவருப்பு ஏதும் இருக்காது, சிரித்துப் பேசிக்கொண்டேதான் சொல்வார்கள். இது உங்களுடைய எந்தக் கேள்விக்குள்ளும் அடங்காது, ஏனென்றால் இதில் நான் ‘உணர்ந்தது’ என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை நாணயத்தை மேசையிலிருந்து நகத்தால் கிள்ளி எடுத்தேன், அவ்வளவுதான்.

2019 டிசம்பரில் அந்தப் பெண் வந்தாள். எங்களிடம் வாடிக்கையாக நூல் வாங்கும் தையற்கார அம்மாவின் மகள், வெளி மாநிலத்தில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தாள். உங்களுடையதைப் போன்றே ஒரு திட்டம். அவள் கெட்டிக்காரி. கேள்வி எதுவும் கேட்காமல் இரண்டு நாள் கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஒரு மரத்தட்டு செய்து கொண்டுவந்தாள். பூவரசு மரத்தில் கடைந்தது, நடுவில் உள்ளங்கையைப் போல ஒரு குழிவு. அதில் பணத்தை வைத்தால் நாணயம் தானாகச் சரிந்து விளிம்புக்கு வரும், கிள்ளி எடுக்க வேண்டியதில்லை. “இனி உங்களுக்கும் சங்கடம் இல்லை மாமா, அவர்களுக்கும் சங்கடம் இல்லை” என்றாள்.

அழகான வேலைப்பாடுதான். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு முகம் வாடிப்போயிற்று. நல்ல எண்ணத்தோடு செய்ததைத் தட்டிவிட்டானே என்று நீங்களும் நினைக்கலாம். நான் அவளிடம் சொன்னது இதுதான்: “இந்தத் தட்டு வந்துவிட்டால் கையில் கொடுக்கிறவர்களும் தட்டில்தான் போடுவார்கள். என் கையைத் தொடுகிற நான்கு பேரையும் நீ எடுத்துக்கொண்டு போய்விடுவாய்.” முதலாளி என்னைக் குடோனுக்கு அனுப்பியதும் இதே அன்போடுதான். யாருக்கும் சங்கடம் வராத ஏற்பாடு என்று எதைச் செய்தாலும் கடைசியில் இடம் மாறுகிறவன் நான்தான்.

அவள் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மறுநாள் வந்து இரண்டு நூல்கண்டு கேட்டாள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. காசு கொடுத்துத்தான் வாங்கினாள். ஒரு வெற்று பாபினை வைத்துக்கொண்டு கடை மூலையில் உட்கார்ந்தாள். கையில் பணம் கொடுத்தால் நீல நூலில் ஒரு சுற்று. மேசையில் வைத்தால் சிவப்பில் ஒரு சுற்று. பன்னிரண்டு நாட்கள், தினம் ஒரு பாபின், கடை திறந்ததிலிருந்து மூடும்வரை. வருகிறவர்களுக்கு ஏதோ தையல் பழகும் பெண் என்று தோன்றியிருக்கும்.

முடிவு நான் எதிர்பார்த்தபடி இல்லை. பன்னிரண்டு பாபினிலும் நீலம்தான் அதிகம். ஒருவேளை மூலையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததால் நடந்ததோ என்று சந்தேகப்பட்டேன், அவள் எண்ணியது சரிதானா என்று நானும் இரண்டு நாள் தனியாக எண்ணிப் பார்த்தேன். சரிதான். பத்து ஆண்டுகளாக நான் சிவப்பை மட்டும் மனத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். ‘பார்த்தீர்களா, பாகுபாடே இல்லை’ என்று இதை வைத்து யாரும் எழுதிவிடாதீர்கள். ஒரு நாளைக்குள் சிவப்பு எத்தனை சுற்று இருந்தாலும் அத்தனையும் என் விரலுக்கு நேர்ந்தவை. ஆனால் அளக்காமல் நான் ஒருவனே சொன்னால் கதை முழுதாக வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எங்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போவதில் இருக்கும் குறை அதுதான்.

கடைசி நாளில் அவள் இன்னொன்றும் செய்தாள். வழக்கமாக மேசையில் வைக்கும் ஒரு பெரியம்மாவைக் கடை வாசலில் நிறுத்தி, மரியாதையாக, ஏன் பாட்டி என்று கேட்டுவிட்டாள். எனக்கு உள்ளே உடல் கூசியது. அந்த அம்மா கோபப்படவில்லை. “ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும்டி. டிவியிலேயே சொல்றாங்க. பேத்திக்கு வரன் பார்க்கிறோம். நான் அவர் கையைத் தொட்டதை யாராவது பார்த்து எங்க வீட்டில் இருக்குன்னு ஒரு பேச்சு கிளம்பினா?” என்றார். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. ஆனால் அந்த அம்மாவின் கவலை மருத்துவத்தைப் பற்றியது அன்று. ‘இது தொற்றுநோய் அல்ல’ என்று எவ்வளவு அழகாகச் சுவரொட்டி செய்தாலும் அவருக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்குத்தான் அவர் பயந்தார். அந்த வீதியில் யாரும் அப்படிப் பேசியதில்லை என்று அவரிடம் காட்டுவதற்கு ஏதாவது வழி உண்டா? உங்கள் படிப்பில் அதற்கு இடம் இருந்தால் அதை யோசியுங்கள்.

ஆகவே, என்ன கேட்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: எங்களிடம் நேரத்தைக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காரலாமா என்று கேளுங்கள். பஸ்ஸிலோ, கல்யாணப் பந்தியிலோ, வேலை செய்யும் இடத்திலோ கூட இருந்து, என்ன நடக்கிறது என்று எண்ணுங்கள். மற்றக் கேள்விகளை, கையை இழுத்துக்கொள்கிறவர்களிடம் கேளுங்கள். உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது யார், எந்த வயதில், யாருக்கு என்ன ஆகிவிடும் என்று சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேட்டால் சொல்வார்கள், அந்த அம்மா சொன்னாரே. எங்கள் முகத்தைப் படமெடுக்க வேண்டாம் என்பது என் விருப்பம் மட்டுமே. படத்தில் நிற்க விரும்பும் இளையவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் பேச முடியாது.

அந்தப் பெண் ஊருக்குப் போன மூன்றாம் மாதம் ஊரடங்கு வந்தது. கடை மீண்டும் திறந்தபோது கையோடு கை படாமல் பணம் வாங்க வேண்டும் என்ற நிலை. நானே ஒரு பிளாஸ்டிக் தட்டை வாங்கி வாசலில் வைத்தேன். அந்தச் சில மாதங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரர்களுடைய கையும் என் கையைப் போலவே இருந்தது. பிறகு ஸ்கேன் செய்யும் அட்டை வந்தது, இப்போது சில்லறை கொடுக்கிறவர்களே குறைவு. வசதி என்கிறார்கள். வசதிதான். யார் என் கையைத் தொடுவார்கள், யார் தொடமாட்டார்கள் என்று இனி அறிய முடியாது.

பன்னிரண்டு பாபினில் பதினொன்றைக் கல்லூரிக் கண்காட்சிக்கு எடுத்துப் போனாள். ஒன்றை என்னிடம் கொடுத்திருக்கிறாள், கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் சுற்றியது. அன்றைக்கு நல்ல கூட்டம், பாபின் நிரம்பி நூல் வெளியே வழிகிறது.