போருக்குப் பின் ஜெர்மன் நகரங்களைப் பெண்கள்தான் மீட்டெடுத்தார்களா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆண்கள் இல்லாத ஜெர்மனியில் பெண்களே இடிபாடுகளை அகற்றி நகரங்களைக் கட்டினார்கள் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெர்லினுக்கு ஓரளவு பொருந்தும். ஜெர்மனி முழுக்க என்றால் இல்லை.

பெர்லினில் வேலை பார்த்த காலத்தில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஹாசன்ஹைடே பூங்காவில் 1955-இல் வைத்த சிலை ஒன்று உண்டு. செங்கற்கள் மேல் உட்கார்ந்திருக்கும் பெண், மடியில் சுத்தியல். இடிபாடுகளை அகற்றிய பெண்களுக்கு 'ட்ரூம்மர்ஃப்ராவன்' என்று பெயர், இடிபாட்டுப் பெண்கள்.

அந்தச் சுத்தியலுக்குத்தான் அதிக வேலை. பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை என்பதால் கல்லைத் தட்டினால் காரை உதிர்ந்துவிடும், கல் முழுசாக நிற்கும். வரிசையாக நின்று வாளியையும் கல்லையும் கைமாற்றுவார்கள். கொத்திச் சுத்தம் செய்த கற்களை எண்ணுவதற்கு வசதியாக இருநூறு இருநூறாக அடுக்குவார்கள். நம் ஊர்க் கணக்கில் சித்தாள் வேலைதான்.

சரி, ஏன் வந்தார்கள்? நாட்டுப்பற்று என்று சிலைகள் சொல்லும். என் கணிப்பில் முதல் காரணம் வயிறு. வேலையில்லாத குடும்பப் பெண்களுக்குக் கிடைத்தது கடைசி வகை ரேஷன் அட்டை. அதை 'கல்லறை அட்டை' என்றே பெர்லின்காரர்கள் கிண்டல் செய்தார்கள். இடிபாட்டு வேலைக்குப் போனால் மணிக்கு 72 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) கூலி, கூடவே இரண்டாம் வகை அட்டை. கூலியைவிட அட்டைதான் பெரிது. நாஜிக் கட்சியில் இருந்ததற்குத் தண்டனையாகக் கட்டாயமாக இறக்கப்பட்டவர்களும் உண்டு.

வரலாற்றாய்வாளர் லியோனி ட்ரெபர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெர்லினில் இந்த வேலை செய்தவர்கள் சுமார் 60,000 பெண்கள். உழைக்கும் வயதுப் பெண்களில் அது ஏறக்குறைய ஐந்து சதவீதம். போருக்குப் பின் பிரிட்டன் ஆண்ட ஜெர்மன் பகுதியிலோ 0.3 சதவீதம்தான்! பெரும்பகுதியை அகற்றியவை மண்வாரி இயந்திரங்களும் சிறு ரயில் பெட்டிகளும் வைத்திருந்த கட்டுமான நிறுவனங்கள். அதற்கு முன்பு, போர் நடந்துகொண்டிருந்தபோதே, குண்டு விழுந்த தெருக்களில் போர்க் கைதிகளையும் வதைமுகாம் கைதிகளையும் அடித்து வேலை வாங்கினார்கள். அவர்களை இந்தக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். சிரித்த முகத்தோடு பெண்கள் வாளி கைமாற்றும் படங்கள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்து, எல்லாரும் அப்படித்தான் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. அதற்காக அந்த 60,000 பேரின் கை காப்புக்காய்ச்சியது பொய்யாகிவிடாது.

பயன்படாத குப்பையைக் கொட்டியே பெர்லினில் மலைகள் உண்டாயின. டாய்ஃபல்ஸ்பெர்க் அப்படி எழுந்ததுதான். உச்சி கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டர். ஒருநாள் மழை விட்டதும் ஏறினேன். பாதையோரம் மண் கரைந்து அரைச் செங்கல் ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் காரை அப்படியே ஒட்டியிருந்தது. உடைந்த கல், கொத்த யாரும் மெனக்கெடவில்லை போலிருக்கிறது.