மாமாவை எப்ப வரவழைக்கிறதுன்னு வயல்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க

தம்பி, அக்டோபர் கடைசியில உங்க வீட்டம்மாவுக்குப் பிரசவத் தேதி கொடுத்திருக்காங்க, தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்துலேர்ந்து மாமனார் மாமியார் ரெண்டு பேரையும் ஒரேயடியா ஆறு மாசத்துக்கு வரவழைக்கப் போறதா எழுதியிருக்கீங்க. என்னென்ன எடுத்துட்டு வரச் சொல்லணும், நயாகராவுக்கு எப்பக் கூட்டிட்டுப் போகலாம், ஆறு மாசத்துக்கு மேல நீட்டிக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. நியூ ஜெர்சிக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலைங்கிறீங்க. நானும் நன்னிலம் பக்கத்துப் பொண்ணுதான். தொண்ணூறுகள் கடைசியில கல்யாணமாகி இதே நியூ ஜெர்சியில எடிசன்கிற ஊருக்கு வந்தவ. நயாகராவைப் பத்தி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. நான் வேற விஷயம் சொல்லணும்.

மாமா விவசாயம் பாக்குறவர்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த வரிதான் கண்ணுல பட்டுது. அக்டோபர் கடைசியில சம்பாப் பயிர் நிக்கிற நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில வயல் மூழ்குதா, வடிகால் ஓடுதான்னு பாக்கணும். தை பொறந்தா அறுப்பு. அப்புறம் கொள்முதல் நிலையத்துல மூட்டையோட காத்துக் கிடக்கணும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. இத்தனையையும் யார்கிட்டயோ விட்டுட்டு அவர் இங்க ரெண்டு பெட்ரூம் வீட்டுல உக்காந்திருந்தா, ராத்திரி முழுக்க ஊருக்கு போன் போட்டுக்கிட்டேதான் இருப்பார். வெளிய நாலரை மணிக்கே இருட்டிடும். எங்க போவார்?

அதனால அத்தையை மட்டும் முதல்ல வரச் சொல்லுங்க. பிரசவத்துக்கு வேண்டியது அவங்கதான். மாமா அறுப்பை முடிச்சு, நெல்லைப் போட்டுட்டு, மாசி கடைசியில இல்லைன்னா பங்குனியில வரட்டும். குளிர் விட ஆரம்பிச்சிருக்கும், பிள்ளையும் முகம் பாத்துச் சிரிக்கிற வயசுல இருக்கும். தண்ணி இருக்கிற வருஷத்துல ஜூன் 12-ல மேட்டூர் திறப்பாங்க, அதுக்குள்ள அவர் ஊர் போய்ச் சேர்ந்தா நிம்மதியா இருப்பார். அத்தை தனியா எப்படி வருவாங்கன்னு பயப்படாதீங்க. டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி வேணும்னு சொல்லிடுங்க. விமானம் மாறுற ஊர்ல விமானக் கம்பெனி ஏற்பாடு பண்ற ஆளுங்களே அடுத்த கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. உங்க விலாசம், போன் நம்பர், எதுக்கு வர்றாங்கங்கிறதை ஆங்கிலத்துல ஒரு தாள்ல எழுதிக் கைப்பையில வச்சிடுங்க.

என் பிரசவத்துக்கு எங்க அம்மா வந்தது ஜனவரியில. அப்பா அறுப்புக்காக ஊர்லயே இருந்துட்டார். எங்ககிட்ட இருந்தது ஒரே கார், அதை எங்க வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார். ரெண்டாவது மாடி. தெருவெல்லாம் பனி. ஊர்ல திண்ணையில உக்காந்தா பால்காரர்லேர்ந்து களை பறிக்கப் போற பொம்பளைங்க வரைக்கும் ஒருத்தர் விடாம பேசிட்டுத்தான் போவாங்க, அப்படி இருந்த அம்மா ஜன்னலை விட்டு நகரவே மாட்டாங்க. "இந்த ஊர்ல மனுஷங்க இருக்காங்களாடி?"ன்னு கேட்டாங்க. எனக்கோ தையல் வலி, பால் கட்டிக்கிச்சு, ஊருக்குப் பேசணும்னா போன் கார்டு வாங்கி நிமிஷத்தை எண்ணி எண்ணிப் பேசணும். அந்தக் குளிர்காலம் எங்க ரெண்டு பேரையும் வாட்டி எடுத்துடுச்சு.

இன்னைக்கு இங்க குடியேற வர்ற பிள்ளைங்க செய்யறதைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வருது. பொண்ணோட அப்பா அம்மா ஆறு மாசம், அவங்க கிளம்பின வாரமே பையனோட அப்பா அம்மா ஆறு மாசம்னு முறைவச்சுக் கூப்பிடுறாங்க. டைம்ஸ் ஸ்கொயர்ல ஒரு போட்டோ, சுதந்திர தேவி சிலைகிட்ட ஒரு போட்டோ, அதோட சரி. மிச்ச நாளெல்லாம் அடுப்படியும் தொட்டிலும்தான். டே கேர் செலவு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், நானும் கட்டினவதான். அதுக்காக அறுபத்தஞ்சு வயசு மனுஷங்களைச் சம்பளமில்லாத ஆயாவா ஆக்கக் கூடாது.

அப்பா பங்குனியில வந்ததும் நாங்க வெளிய கிளம்ப ஆரம்பிச்சோம். பிள்ளையைத் தள்ளுவண்டியில போட்டு, கிங்ஸ்டன் பக்கம் டெலவேர் ராரிட்டன் கால்வாய்க் கரைக்குப் போனோம். அதுவரைக்கும் எதைக் காட்டினாலும் தலையை மட்டும் ஆட்டினவர், தண்ணியைப் பாத்ததும் கேள்வியா கேட்டுத் தள்ளிட்டார். எந்த ஆத்துலேர்ந்து வருது, யார் ஷட்டர் திறக்கிறது, நம்ம ஊர்ல மதகைப் பாத்துக்கிற லஸ்கர் மாதிரி ஆள் இருக்காரான்னு கேட்டார். படகை ஏத்தி இறக்குற பூட்டுமதகு ஒண்ணு அங்க இருக்கு. அதைத் திறந்து மூடுறவர் குடியிருந்த வீடும் பக்கத்துலயே நிக்குது. அதைக் காட்டினதும் அவருக்கு எல்லாம் பிடிபட்டுப் போச்சு. 1830-லேர்ந்து 1834 வரைக்கும் பெரும்பாலும் அயர்லாந்துலேர்ந்து பிழைக்க வந்தவங்க கையால வெட்டினது, காலராவுல நிறையப் பேர் செத்தாங்க, கோவேறு கழுதை கட்டி இழுத்த நிலக்கரிப் படகு ஓடின கால்வாய், 1932-ல படகை நிறுத்தினாங்க, இப்ப குடிக்கிற தண்ணி இதுலதான் போகுதுன்னு சொன்னேன். "நம்ம கல்லணைக் கால்வாயும் மேட்டூரும் முப்பத்திநாலுதான், இதுக்கு நூறு வருஷம் கழிச்சு"ன்னார். அப்புறம் வாரம் தவறாம அங்க போகணும்பார். மீன் பிடிக்க உக்காந்திருக்கிறவங்க அவரைப் பாத்தா கையாட்டுவாங்க.

லாம்பர்ட்வில் பக்கம் ஹோவல்னு ஒரு பழங்காலப் பண்ணை இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி உழுதாங்களோ அப்படியே குதிரையும் எருதும் கட்டி உழுது காட்டுவாங்க. நுகத்தடியைத் தொட்டுப் பாத்து அப்பா அந்தப் பண்ணையாள்கிட்ட தமிழ்லயே பேசினார், அவரும் நின்னு கேட்டார். மாமாவைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. நடக்கிறதுக்கு எடிசன்லயே ரூஸ்வெல்ட் பார்க்கும் பாப்பயானி பார்க்கும் இருக்கு, நம்ம ஊர்ப் பெரியவங்க பேச்சுத் துணைக்குக் கிடைப்பாங்க. நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில்ல 62 வயசு ஆகியிருந்தா கட்டணச் சலுகை உண்டு. ரெண்டு தடவை கூடப் போய்ப் பழக்கிட்டா மூணாவது தடவை அவங்களே போயிட்டு வருவாங்க.

இன்சூரன்ஸ் விஷயத்துல ஏமாந்துடாதீங்க. வெளிநாட்டுலேர்ந்து பாக்க வர்றவங்களுக்கு, இங்க வயசானவங்களுக்கு அரசாங்கம் தர்ற மெடிக்கேர் இன்சூரன்ஸ் கிடையாது. எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு அவசர சிகிச்சைக்குப் போனோம். விக்கும்போது இனிக்க இனிக்கப் பேசின கம்பெனி, அவருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருந்துச்சுன்னு கைவிரிச்சிடுச்சு. மொத்தத்தையும் நாங்கதான் கட்டினோம், தவணை தவணையா. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு என்ன தருவாங்கங்கிற பகுதியை ஒரு வரி விடாமப் படிங்க. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான்னு வரம்பு கட்டின மலிவு பாலிசி வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டோட வேண்டிய அளவு வரட்டும். பிள்ளையைத் தூக்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது கக்குவான் தடுப்புக்கான டிடாப் ஊசியைப் போட்டுக்கச் சொல்லுங்க.

பிள்ளை வளர்ப்புல உரசல் வரும். அத்தை சேனைத்தண்ணி வைக்கணும்பாங்க, மை தீட்டணும்பாங்க, குப்புறப் போட்டா நல்லாத் தூங்கும்பாங்க. இங்க டாக்டர் ஒரு வயசு வரைக்கும் தேன் தொடக் கூடாதுன்னுவார், மையில ஈயம் இருக்கலாம்னுவார், தனித் தொட்டில்ல மல்லாக்கத்தான் போடணும், போர்வைகூடக் கூடாதுன்னுவார். இதையெல்லாம் நீங்க சொன்னா அவங்க மனசு நோகும். முதல் தடவை டாக்டர்கிட்ட போறப்பவே அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேக்கட்டும், நீங்க தமிழ்ல எடுத்துச் சொல்லுங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறதை அவங்ககிட்டயே விட்டுடுங்க.

சாமான் ஒண்ணும் சுமந்துட்டு வர வேண்டாம். மாமாவுக்கு வெத்தலைகூட, எடிசன்ல நம்ம ஊர்க் கடைங்க இருக்கிற ஓக் ட்ரீ ரோட்ல கிடைக்குது. பிரசவ மருந்து மட்டும் வரட்டும், சுங்கத்துல கேட்டா மறைக்காம சொல்லிடணும். விதை, கறிவேப்பிலை கொண்டுவரக் கூடாது.

பத்து வருஷ விசாங்கிறது வந்து போறதுக்குத்தான். எத்தனை நாள் தங்கலாம்னு, நாட்டுக்குள்ள வர்றப்பப் போடுற ஐ-94ங்கிற வருகைப் பதிவுல இருக்கும், வந்து இறங்கின அன்னைக்கே அதைப் பாத்து வச்சுக்குங்க. நீட்டிக்கிறதுக்கு ஐ-539னு ஒரு மனு இருக்கு, ஆனா நான் யாருக்கும் அதைச் சொல்றதில்லை. அத்தையோட ஆறு மாசம் ஏப்ரல் வாக்குல முடியும், அவங்க கிளம்பட்டும். மாமா மே கடைசி வரைக்கும் உங்ககூட இருக்கட்டும். அடுத்த பங்குனியில ரெண்டு பேரையும் சேர்த்து வரச் சொல்லுங்க.