பேரேட்டில் ராயப்பன் இல்லையா? 'பெத்ருஸ்' என்று தேடுங்கள்

கேள்வி: எங்கள் தாத்தா ராயப்பன் 1949-இல் ராயபுரத்தில் காலமானார். காசிமேட்டில் அடக்கம் என்று அப்பா சொல்வார். பங்குக் கோயில் அலுவலகத்தில் 'அந்தப் பெயரே இல்லை' என்றுவிட்டார்கள். இருக்கும் பழைய போட்டோவில் கல்லில் உள்ள வருடம் 1919 போலத் தெரிகிறது. ஒருவர் 25 ஆயிரம் கொடுத்தால் கல்லறையைக் கண்டுபிடித்துப் புது கிரானைட்டும் பதித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கல்லறைத் திருநாள் நெருங்கும்போது இப்படிப்பட்டவர்கள் நிறையவே முளைப்பார்கள். பேர் அழிந்த ஒரு மேட்டைக் காட்டி, அதன்மேல் உங்கள் தாத்தா பெயரைப் பொறித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருடம் அந்த இடத்துக்கு உரிய குடும்பம் ரசீதோடு வந்து நிற்கும். சண்டை உங்கள் தலையில் விழும். கிரானைட் போட்டவர் போனை எடுக்க மாட்டார்.

பங்கில் பெயர் கிடைக்காததற்குக் காரணம் எளிது. அந்தக் காலத்துக் கத்தோலிக்க மரணப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் எழுதப்பட்டவை. தமிழில் இராயப்பர் என்றால் பேதுரு. ஆகவே ராயப்பன் அங்கே 'பெத்ருஸ்' ஆகியிருப்பார். சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யோவான்னெஸ்', சூசை 'யோசேபுஸ்', ஞானப்பிரகாசம் 'அலோசியுஸ்', தேவசகாயம் 'லாசருஸ்'. இது மட்டுமில்லை. தந்தை பெயராக வரும்போது லத்தீனில் ஈறு மாறும். 'பெத்ருஸின் மகன்' என்பதை 'ஃபீலியுஸ் பெத்ரி' என்றுதான் எழுதியிருப்பார்கள். 'பெத்ரி' வேறொரு ஆள் என்று நினைத்துத் தாண்டிப் போனவர்கள் ஏராளம். சேசு சபையார், பிரெஞ்சு சாமியார், போர்த்துகீசிய சாமியார் என்று எழுதிய கைக்கேற்ப எழுத்துக்கூட்டலும் மாறும். சவரிமுத்து ஒரு பக்கம் 'க்ஸவேரியுஸ்', மறுபக்கம் 'சவரி' என்றே கிடப்பார். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அகரவரிசைப் பட்டியலில் 'ஆர்' எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்லி அனுப்புவது தேடுவதாகாது. பேரேட்டையே கொடுக்கச் சொல்லி, அந்த வருடத்துப் பக்கங்களை நீங்களே வரிவரியாகப் பாருங்கள். 'ஒபீயித்' என்றால் இறந்தார், 'செபுல்த்துஸ்' என்றால் அடக்கமானார், 'உக்ஸோர்' மனைவி, 'வீதுவா' விதவை. இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

இன்னொரு பொறி: இன்றைய சென்னை-மயிலை உயர் மறைமாவட்டம் 1952-இல்தான் ஒன்றானது. அதற்கு முன் சென்னை உயர் மறைமாவட்டம் தனி, போர்த்துகீசியச் சார்புள்ள மயிலை மறைமாவட்டம் தனி. ஒரே ஊரில் இரண்டு கோயில்கள் இரண்டு நிர்வாகத்தில் இருந்தன. நீங்கள் 1949-ஐத் தேடுவதால், ஒரு பங்கோடு நின்றுவிடாமல் பக்கத்துப் பங்கையும் பாருங்கள்.

பேரேட்டில் ஆள் கிடைத்தாலும் குழி கிடைக்காது. பங்குப் பதிவேடு இறந்தவரைப் பற்றியது. காசிமேடு, கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டங்களை நடத்துவது கல்லறை வாரியம். குழி எண் அவர்களுடைய பேரேட்டில்தான் இருக்கும். முதலில் தேதி, பிறகு குழி எண் என்ற வரிசையில் போங்கள். மாற்றிப் போனால் வருடம் தெரியாமல் அங்கே யாரும் பேரேட்டைத் திறக்க மாட்டார்கள்.

மாநகராட்சியிலும் தேடலாம். இறந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவாகியிருக்கும். பெரியாஸ்பத்திரியில் உயிர் போயிருந்தால் ராயபுரம் கணக்கில் தேடிப் பலனில்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பதிவைத் தேடச் சொல்லி நகல் கேட்கும் உரிமையை யாருக்கும் தருகிறது. 1949-ஐ மட்டும் எழுதிக் கொடுக்காமல் 1947 முதல் 1951 வரை என்று கேளுங்கள். ஒரு வருடத்தை மட்டும் புரட்டிவிட்டுப் 'பதிவு இல்லை' சான்று வாங்கித் தந்து காசு பார்ப்பதும் புரோக்கர்களின் வழக்கம்தான். ஆன்லைனில் இல்லையென்றால் பதிவே இல்லை என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். பழைய பேரேடு கம்ப்யூட்டரில் ஏறாததற்கு நீங்களா பொறுப்பு? விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லில் 1919 தெரிவதற்கு வருவோம். தமிழ் எண்ணில் ௧ என்றால் ஒன்று, ௪ என்றால் நான்கு. க-வும் ச-வும் போல இருக்கும் இந்த இரண்டும் கல் தேய்ந்தால் ஒன்றுபோலவே தெரியும். ௧௯௪௯ என்பதில் ஒரு கோடு மழுங்கினால் ௧௯௧௯ ஆகிவிடும். நேரில் போனால் காலை ஏழு, எட்டு மணிக்குள் போங்கள். வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளம் நிழலாக நிற்கும். இல்லையென்றால் போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, நான்கு புறமிருந்தும் படமெடுங்கள். சலவைக்கல்லில் ஈயம் பதித்த எழுத்து உதிர்ந்திருந்தால் சிறு துளைகள் மிஞ்சியிருக்கும். அவற்றைப் புள்ளிக்கோலம்போல் இணைத்தால் எழுத்து வரும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் சலவைக்கல் நுரைத்துக் கரையும், இருக்கிற எழுத்தும் போய்விடும்.

குழி எண் கிடைத்த இடத்தில் வேறு பெயரில் கல் நின்றால் பதறாதீர்கள். குடும்பக் கல்லறையில் பின்னால் இன்னொருவரை அடக்கம் செய்யும்போது பழைய கல்லைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிடுவதுண்டு. மதில் சுவரோரம் கிடப்பவற்றைப் பாருங்கள். கவிழ்ந்து கிடப்பதை ஆள் வைத்துப் புரட்டிப் பார்க்க வாரிய அலுவலகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள்.