டக்ளஸ் ஃபிர் மரமும் அதன் வேர்ப்பூஞ்சைகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

டக்ளஸ் ஃபிர் மரத்தின் வேர்ப்பூஞ்சைகள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம் வளரும் உயரமான ஊசியிலை மரம் அது. வேரோடு ஒட்டி வாழ்ந்து, மரத்துக்கு நீரும் சத்தும் தந்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சைதான் வேர்ப்பூஞ்சை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டு மண் ஆய்வில் எனக்கு வேலை. வேர் நுனிகளைக் கழுவிப் பிரிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செல்வி: அக்கா, இந்த ஒரு மரத்துக்கு 2,000 வகைப் பூஞ்சை என்று படித்தேன். நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அந்த எண் எதற்கானது என்று பார்க்க வேண்டும். ஜேம்ஸ் டிராப் என்ற அமெரிக்கப் பூஞ்சை ஆய்வாளர் 1977-இல் சொன்ன மதிப்பீடு அது. டக்ளஸ் ஃபிர் வளரும் பரப்பு முழுவதற்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்தப் பரப்பு பிரிட்டிஷ் கொலம்பியாவின் நடுப்பகுதியில் தொடங்கி மெக்சிகோ மலைகள் வரை இறங்குகிறது. மழையில் ஊறி நிற்கும் கடலோரக் காடும் அதில் உண்டு, கோடையில் மண் பொடிப்பொடியாகும் உள்நாட்டுச் சரிவும் உண்டு. மரமே கடலோர வகை, உள்நாட்டு வகை என்று பிரிந்துதான் இருக்கிறது.

ஒரு காட்டில் மண் எடுத்துப் பார்த்தால் சில பூஞ்சைகள் திரும்பத் திரும்ப வரும். மற்றவை ஒரே ஒரு நுனியில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகும். இன்னும் கொஞ்சம் மண் எடுத்தால் இன்னும் சில புதியவை வரும். அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனால் அந்த அபூர்வ வகைகளில் பெரும்பாலானவை வேறாக இருக்கும். இப்படித்தான் ஆயிரக்கணக்கில் சேர்கிறது. அதனால் ஒரு தோப்பைக் காட்டி "டக்ளஸ் ஃபிரின் பூஞ்சைகள் இவைதான்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

முருகன்: வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், ஒரு கைலென்ஸ் இருந்தால் நல்லது. வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, மண்ணை மெல்ல அலசிவிட்டு வேரைப் பரப்புங்கள். நுனிகள் கொஞ்சம் தடித்து, உறை மாட்டியது போல இருக்கும். அந்த உறை முழுக்கப் பூஞ்சை. கரிபோலக் கறுத்து, சுற்றிலும் விறைத்த முடி சிலிர்த்திருந்தால் செனோகாக்கம் என்ற பூஞ்சை. மஞ்சள் பொடியில் புரட்டிய பஞ்சு போல இருந்தால் பெரும்பாலும் பைலோடெர்மா. ரைசோபோகன் வினிகலர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது பல நுனிகளை ஒன்றாக்கி ஒரே தோலுக்குள் பொதிந்து, பட்டாணி போன்ற முடிச்சாக்கி வைத்திருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை நுனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் கண் ஏமாற்றும். வினிகலர் என்று ஒரே பெயரில் அழைத்துவந்தது உண்மையில் இரண்டு இனம் என்று 2003-இல் டிஎன்ஏ பார்த்துப் பிரித்தார்கள். செனோகாக்கத்துக்குள்ளும் இப்படிப் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: எங்கள் ஊர்க் கடையில் விற்கும் 'வேம்' இதுதானா?

இல்லைங்க. வேம் (VAM) என்று உயிர் உரமாக விற்பது வேறு வகை வேர்ப்பூஞ்சை, அது வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து வாழும். சோளம், நிலக்கடலை, வாழைக்கெல்லாம் அது உதவும். வெளியே உறை தெரியாது. நான் சொல்லும் பூஞ்சை செல்களுக்கு நடுவே வலைபோலப் படரும், உள்ளே போகாது. வேம் வகையில் உலகம் முழுவதற்கும் பெயரிடப்பட்டவை சில நூறு இனங்கள்தான். இந்த ஒரு மரத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் இந்த வகையைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு ஊட்டி பைன் தோப்புக்குப் போங்கள். அங்கே முளைக்கும் சுய்லஸ் காளான் பைன் மரத்தோடு வெளியிலிருந்து வந்தது.

தர்ஷினி: இடத்துக்கு இடம் பூஞ்சை மாறுவதற்கு என்ன காரணம்?

மழை, வெப்பம், மரத்தின் வயது, பக்கத்தில் நிற்கும் மரம் எல்லாமே. ஆனால் நைட்ரஜனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் 20 நாடுகளில் 137 காட்டுத் திட்டுகளில் பைன், ஸ்புரூஸ், பீச், ஓக் வேர்களைப் பார்த்து 2018-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. காற்று மாசாக வந்து மண்ணில் இறங்கும் நைட்ரஜன் எந்தப் பூஞ்சை நிலைக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அதில் தெரிந்தது. பைலோடெர்மா போன்றவை நைட்ரஜன் கூடினால் ஒதுங்கிவிடும்.

அப்புறம் விலங்குகள். ரைசோபோகன் மண்ணுக்கடியில் காய்க்கும், அதன் வித்துகளைக் காற்று தூக்கிப்போக வழியில்லை. பறக்கும் அணிலும் வயல் எலி போன்ற சிறு கொறிணிகளும் தோண்டித் தின்று, எச்சத்தில் வித்துகளைப் போட்டால்தான் பரவும். அணில் போகாத இடத்துக்கு இந்தப் பூஞ்சை போய்ச்சேர வெகுகாலம் ஆகும்.

ரமேஷ்: இந்தப் பூஞ்சை வழியாக மரங்கள் பேசிக்கொள்கின்றனவாமே?

கனடாவின் காட்டு ஆய்வாளர் சூசன் சிமார்டும் குழுவினரும் 1997-இல் பிர்ச் மரக் கன்றுகளுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்கும் இடையே கார்பன் போவதைக் காட்டினார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 30-க்கு 30 மீட்டர் நிலத்தில் இருந்த 67 மரங்களில் ஒரு மரம் மட்டும் ரைசோபோகன் வழியே 47 மரங்களோடு தொடர்பில் இருந்தது. அதாவது, இரண்டு மரங்களின் வேரிலும் ஒரே பூஞ்சை உடல் இருந்தது என்று மரபணு வைத்துச் சொன்னார்கள். ஆனால் தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் போதிய ஆதாரம் இல்லை என்று 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். நானும் அந்தப் பக்கம்தான். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அளந்து பார்க்காததைச் சொல்லக் கூடாது.

நிலா: சாப்பிடக்கூடியது ஏதாவது உண்டா மேடம்?

உண்டு. மண்ணுக்கடியில் காய்க்கும் ஓரிகான் வெள்ளை டிரஃபிள் என்ற பூஞ்சை டக்ளஸ் ஃபிர் வேரில்தான் விளைகிறது. குளிர்காலத்தில் கிடைக்கும்.

அருண்: வெப்பம் கூடுகிறது, தெற்கு விதையை வடக்கே நட்டால் பூஞ்சையும் வருமா?

விதையோடு வராது தம்பி. நாற்றோடு வருவதும் பெரும்பாலும் நாற்றங்காலில் தானாகத் தொற்றும் தெலிஃபோரா மாதிரி ஒன்றிரண்டுதான். பொருத்தமான பூஞ்சை மண்ணில் இல்லாத போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நட்டுத் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். 1955-இல் அமெரிக்காவிலிருந்து பைன் காட்டு மண் கொண்டுவந்து போட்ட பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின. டக்ளஸ் ஃபிரை அதன் பரப்புக்குள்ளேயே நகர்த்தும்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை, வடக்கிலும் அதன் பூஞ்சைகள் உண்டு. ஆனால் வறட்சிக்குப் பழகிய தெற்குப் பூஞ்சைகள் பின்னால் நின்றுவிடும். வெட்டும்போது அங்கங்கே முதிய மரங்களை விட்டுவையுங்கள் என்று எங்கள் குழு ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுவது இதனால்தான். புதுக் கன்றின் வேர் அந்த முதிய வேரைத் தொடும் தூரத்தில் இருந்தால், அங்குள்ள பூஞ்சைகளில் பல ஓரிரு பருவத்துக்குள் அதில் ஏறிவிடும்.