களத்தை விட்டு வந்த பிறகு: ஒலிம்பிக் வீரர்களின் அடுத்த வாழ்க்கை

ஓய்வு பெறும் விளையாட்டு வீரர்களுக்கு நெடுங்காலமாக ஆலோசனை வழங்கிவருபவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: சாதித்து முடித்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு மனம் உடைந்துபோவது ஏன்?

பதில்: கைதட்டல் நின்றுபோவதே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள், நான் பார்த்தவரையில் அது இரண்டாம்பட்சம்தான். சிறு வயதிலிருந்து எப்போது எழுவது, என்ன உண்பது, எத்தனை மணிக்கு உறங்குவது என்பதையெல்லாம் பயிற்சி அட்டவணையே தீர்மானித்துவந்த ஒருவருக்கு, அந்த அட்டவணை ஒரே நாளில் இல்லாமல் போய்விடுகிறது. என்னிடம் வந்த துடுப்புப் படகு வீரர் ஒருவர், ஓய்வு பெற்று ஏழு மாதங்கள் ஆன பின்பும் அதிகாலை நாலரை மணிக்கு விழித்து, காலணி அணிந்து, நாடாவையும் இறுகக் கட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் விடியும்வரை கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். 23 தங்கம் உட்பட 28 ஒலிம்பிக் பதக்கங்களை வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே, தம்முடைய மனச்சோர்வைப் பற்றியும் வாழவே பிடிக்காமல் போன நாட்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

கேள்வி: தங்கம் வென்றுவிட்டால் பணக் கவலை தீர்ந்துவிடும் அல்லவா?

பதில்: இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கத்துக்குப் பரிசுப் பணம் தருவதில்லை. கிடைப்பதெல்லாம் அந்தந்த நாட்டைப் பொறுத்தது. தென் கொரியா மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. ஹங்கேரியில் பதக்கம் வென்றவர்களுக்கு வாழ்நாள் தொகை உண்டு. பிற நாடுகள் பலவற்றில் ஒருமுறை தரும் பரிசோடு சரி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற அமெரிக்கத் தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ், பின்னாளில் பிழைப்புக்காகக் குதிரைகளோடு ஓடிக் காட்ட வேண்டியிருந்தது. பதக்கமே பெறாமல், முப்பது வயதில் முதன்முறையாக வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் பெரும்பான்மையினரைப் பற்றி எவரும் என்னிடம் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கேள்வி: ஐயா, என் மகள் தேசிய அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். படிப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும், ஆண்டுக்கு இரண்டு பாடங்கள் முடித்தாலும் போதும். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தள வேகச் சறுக்கு ஓட்டத்தில் ஐந்து தங்கம் வென்ற எரிக் ஹைடன் பின்னர் எலும்பு அறுவை மருத்துவரானார். ஜிம்பாப்வே நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கோவென்ட்ரி அமைச்சராகி, 2025இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராகவும் ஆனார். இவர்கள் விதிவிலக்குகள் என்பதை அறிவேன். ஆனாலும் ஓய்வு பெற்ற பின்னரே அடுத்த வேலையை யோசிக்கத் தொடங்கியவர்கள்தாம் என்னிடம் அதிகம் தவித்திருக்கிறார்கள்.

கேள்வி: பயிற்சியைத் திடீரென நிறுத்தினால் உடலுக்குக் கேடா?

பதில்: படிப்படியாகக் குறைப்பதே நல்லது. உடல் செலவிடும் ஆற்றல் வெகுவாகக் குறைந்தும் பசிப் பழக்கம் மாறாததால் எடை ஏறுகிறது. பழைய காயங்கள் மூட்டுத் தேய்மானமாகத் தலைகாட்டுகின்றன. ஆறுதலான செய்தியும் உண்டு: ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் பொதுமக்களைவிடச் சராசரியாக 2.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததை 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கேள்வி: ஓய்வை அறிவித்து ஓராண்டாகிறது. மீண்டும் களத்துக்குத் திரும்பலாமா?

பதில்: 2012இல் விலகிய ஃபெல்ப்ஸ் 2016 ரியோவில் ஐந்து தங்கம் வென்றார், ஆகவே முடியாது என்று சொல்லமாட்டேன். போட்டியிடும் ஆசையா, வெறுமையிலிருந்து தப்பும் வழியா என்பதை மட்டும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். முன்பு ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருந்தவரென்றால், திரும்புவதை ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்து வடிவில் அறிவித்துச் சோதனைக்கு உட்பட வேண்டும். அந்தக் கடிதத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.